மீண்டும் மீண்டும் சுமை ஏறும் பாறை: சேதத்தை எந்த அளவுகோலால் பார்ப்பது?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள மேட்டுநிலங்களில் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. கொஞ்சம் தோண்டினாலே அலவாங்கு பாறையில் முட்டும். "பாறையிலைதானே நிற்கப்போகுது, பிறகென்ன பயம்" என்ற பேச்சோடு அடித்தள ஆய்வு பாதி முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு, துளையிட்டு எடுத்த உருளைக் கல்லை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி ஒருதடவை நசுக்கிப் பார்ப்பார்கள். 120 மெகாபஸ்கால் என்றோ 90 என்றோ ஓர் எண் திரும்பி வரும். கோப்பை மூடிவிடுவார்கள்.

அந்த எண், சுமையை ஒரே மூச்சில் உடையும்வரை ஏற்றியதற்கு உரியது. இறங்குதுறைக்காக உருக்குப் பைலை, அதாவது அடித்தளத் தூணை, சம்மட்டியால் ஆயிரக்கணக்கான தடவை அடித்து இறக்கும்போது அதன் நுனிக்குக் கீழே இருக்கும் பாறைக்கு அந்த எண் நேரடியாகப் பொருந்தாது. கப்பலைக் கயிற்றால் கட்டிவைக்கும் கம்பத்தைப் பிடித்துவைக்கப் பாறைக்குள் பதித்த நங்கூரக் கம்பிக்கும் பொருந்தாது. கல்குவாரியில் வெடிக்கு மேல் வெடியாக வாங்கிக்கொண்டு நிற்கும் சுவருக்கும் பொருந்தாது. ஏறி இறங்கும் சுமையில் பாறை தன் ஒருதடவை வலிமைக்குக் கீழேயே உடையும். பலவகைப் பாறைகளில் செய்த சோதனைகளில், ஒருதடவை வலிமையின் 60 முதல் 80 சதவீதம் வரையான உச்சத் தகைப்பே (ஓரலகுப் பரப்பில் வரும் விசையே) போதிய சுற்றுகளுக்குப் பிறகு உடைத்துவிடுவதாகக் கண்டிருக்கிறார்கள்.

ஆக, உடைவதற்கு முன்னரே உள்ளே எவ்வளவு சேதம் வளர்ந்திருக்கிறது என்று தெரியவேண்டும். அதற்கு வழிகள் பல: சுற்றுகளை எண்ணலாம், பாறையின் விறைப்பு குறைவதைப் பார்க்கலாம், கழியொலி அலையை (காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியை) ஓடவிட்டுப் பார்க்கலாம், உள்ளே வெடிப்பு எழுப்பும் ஒலியைக் கேட்கலாம், சக்திக் கணக்குப் போடலாம். கையிலிருக்கும் உருளைகளும் பணமும் எல்லாவற்றுக்கும் போதாது. எதைத் தெரிவது?

என் தெரிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுகூடத்தில் சக்திக் கணக்கு, களத்தில் அலை வேகம். ஆனால் சக்திக் கணக்கை வழக்கமாகப் போடுகிற முறையில், செலவான சக்தி அத்தனையையும் மொத்தமாகக் கூட்டி "இதுதான் சேதம்" என்று எழுதுவதானால், அதற்குச் செலவழிக்கும் காசை மிச்சம் பிடிப்பது நல்லது.

முதலில், இது தேவைப்படாதவர்கள்

ஒரு மின்பிறப்பாக்கி நிமிடத்துக்கு 1500 தடவை சுழன்றால், அடித்தளத்துக்கு ஒரு நாளில் 21 இலட்சத்துக்கு மேற்பட்ட அதிர்வுகள். எண்ணைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் அடித்தளத்தின் கீழே பாறையில் உண்டாகும் தகைப்பு ஒரு மெகாபஸ்காலைக்கூட எட்டாது. 100 மெகாபஸ்கால் தாங்கும் பாறைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இலட்சம் கோடி சுற்று வந்தாலும் முழுப்பாறை களைக்காது. உப்புவெளியில் மூன்று மாடி ஹோட்டல் கட்டுகிறவருக்கும் இதே பதில்தான். அவர் பார்க்கவேண்டியது பாறையிலுள்ள பிளவுத் தளங்களும் உக்கிப்போன மேல்படையும்.

சோதனை தேவைப்படுவது, உள்ளூரில் தகைப்பு வலிமைக்குப் பக்கத்தில் போகும் இடங்களில்: பைல் நுனி, நங்கூரக் கம்பியைச் சுற்றிய வளையம், வெடிவைத்த சுவர், அலை நேரடியாக அறையும் பிளந்த பாறை. இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறவர்கள் இத்தோடு வாசிப்பதை நிறுத்தினாலும் நட்டமில்லை.

சுற்றுகளை எண்ணுவது

பழைய வழி இது. 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் வோலர் ரயில் அச்சுகளுக்காகத் தொடங்கிவைத்தது. வெவ்வேறு தகைப்புகளில் எத்தனை சுற்றில் உடைகிறது என்று பார்த்து ஒரு கோடு வரைவது. பிறகு 1945இல் மைனர் என்ற பொறியியலாளர் சொன்னபடி, ஒவ்வொரு தகைப்பிலும் செலவான ஆயுளைப் பின்னமாக்கிக் கூட்டுவது. கூட்டுத்தொகை ஒன்றானால் ஆயுள் முடிந்தது.

உருக்குக்கு இது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், ஓர் உருக்குத் துண்டு அடுத்த துண்டைப் போல இருக்கும். பாறை அப்படியல்ல. ஒரே துளையில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு உருளைகளில் ஒன்று சில நூறு சுற்றில் உடையும், மற்றது பல்லாயிரம் தாண்டியும் நிற்கும். கோட்டை நம்பிக்கையோடு வரைய ஒரு பெட்டி உருளை வேண்டும். நேரமும் வேண்டும்: எட்டு செக்கனுக்கு ஓர் அலை என்று வைத்தால் கரைப்பாறைக்கு நாளொன்றுக்கு 10,800 அலை, வருடத்துக்கு ஏறக்குறைய 39 இலட்சம். இரண்டு செக்கனுக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் மெசின் ஓடினால் ஒரு வருட அலையை முடிக்கவே மூன்று மாதம் போகும்.

இதைவிட அடிப்படையான குறை, இந்த முறை பாறைக்கு உள்ளே எட்டிப் பார்ப்பதே இல்லை. உடைந்த பிறகுதான் பேசும். மைனரின் கூட்டலில் பெரிய சுமை முதலில் வந்ததா, சின்னச் சுமை முதலில் வந்ததா என்பதற்கும் இடமில்லை; பாறையில் அந்த ஒழுங்கு விளைவை மாற்றும். இதை ஒதுக்கிவைக்கலாம்.

விறைப்பும் தங்கிய விகாரமும்

சுமையை இறக்கிய பிறகும் திரும்பாமல் தங்கிவிடும் விகாரத்தை (நீளத்தில் வரும் மாற்றத்தின் விகிதத்தை) சுற்றுக்குச் சுற்று குறித்தால் மூன்று கட்டம் தெரியும். தொடக்கத்தில் விறுவிறு என்று ஏறும். பிறகு நீண்ட நேரம் மெல்ல நகரும். கடைசியில் மீண்டும் பாய்ந்து ஏறி உடையும். அழகான வளைகோடு. இரண்டாம் கட்டத்தின் சாய்வைப் பார்த்து மீதி ஆயுளை மதிப்பிடலாம் என்பார்கள். செய்யலாம்தான். ஆனால் முதற்கட்டப் பாய்ச்சலில் பெரும்பகுதி, பாறையில் ஏற்கனவே இருந்த நுண்வெடிப்புகள் மூடிக்கொள்வது. உருளையின் முனைகள் தட்டில் பொருந்தி அமர்வதும் அதில் கலந்திருக்கும். அதைச் சேதம் என்று எழுதினால், மூடுவதைத் திறப்பது என்று எழுதியதாகும்.

விறைப்பின் அளவான யங்கின் மட்டு குறைவதைச் சேதமாகக் கொள்வது இன்னொரு வழி. 1958இல் கச்சானோவ் தொடங்கிவைத்த சேதக் கோட்பாட்டிலிருந்து வளர்ந்தது: இப்போதைய மட்டைத் தொடக்க மட்டால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் சேதம். எளிமையில் இதை மிஞ்ச எதுவுமில்லை. குவாட்சைட், நைஸ் போன்ற நம் பக்கத்துக் கடும்பாறைகளில் இதன் சிக்கல் வேறு. அழுத்தத்தில் வளரும் வெடிப்புகள் பெரும்பாலும் சுமை வரும் திசைக்குச் சமாந்தரமாக, நெடுக்காக ஓடும். நெடுக்கு வெடிப்பு நெடுக்கு விறைப்பை அதிகம் குறைக்காது. முதற்சில சுற்றுகளில் மட்டு கூடவும் செய்யும். அப்போது சூத்திரம் எதிர்மறைச் சேதம் காட்டும்! ஆகவே இந்த வழியைத் தெரிபவர்கள் நெடுக்கு விகாரத்தோடு குறுக்கு விகாரத்தையும் அளக்கவேண்டும். பக்கவாட்டில் உருளை வீங்குவதில்தான் உண்மை முதலில் தெரியும்.

சக்திக் கணக்கு

மேலே சொன்னவை எல்லாம் நோயின் அறிகுறிகள். சக்திதான் காரணத்துக்குக் கிட்டப் போகிறது. 1921இல் கிரிஃபித் கண்ணாடியை வைத்துக் காட்டியது இதைத்தான்: வெடிப்பு ஒன்று வளரவேண்டுமானால் புதிய மேற்பரப்பு உருவாகவேண்டும், அதற்குச் சக்தி வேண்டும், அந்தச் சக்தி பொருளுக்குள் தேங்கியிருந்த மீள்சக்தியிலிருந்து விடுபடவேண்டும். எடுக்கச் சக்தி இல்லாத இடத்தில் வெடிப்பு வளராது.

கணக்கு இப்படி. சுமை ஏறும்போது வரும் தகைப்பு–விகார வளைகோட்டின் கீழுள்ள பரப்பு, ஒரு கனமீற்றர் பாறைக்கு நாம் கொடுத்த சக்தி. இறக்கும்போது கோடு ஏறிய வழியே திரும்பாமல் சற்றுத் தாழ்ந்து வரும். அதன் கீழுள்ள பரப்பு, பாறை திருப்பித் தந்த சக்தி. இரண்டு கோடுகளுக்கும் நடுவே அகப்படும் வளையம்தான் செலவான சக்தி.

எண்களோடு பார்த்தால் அளவு பிடிபடும். யங்கின் மட்டு 50 கிகாபஸ்கால் உள்ள பாறையை 80 மெகாபஸ்கால் வரை ஏற்றினால், கனமீற்றருக்கு ஏறக்குறைய 64 கிலோயூல் மீள்சக்தி தேங்கும். தகைப்பை வர்க்கித்து, மட்டின் இருமடங்கால் வகுத்தால் வருவது. 54 மில்லிமீற்றர் விட்டமும் 135 மில்லிமீற்றர் நீளமும் உள்ள வழக்கமான உருளைக்கு அது சுமார் 20 யூல், ஒரு கிலோ எடையை இரண்டு மீற்றர் உயர்த்தப் போதுமானது. உள்ளங்கையில் அடங்கும் சக்தி. அதில் ஒவ்வொரு சுற்றிலும் செலவாவது இன்னும் சிறியது, கடும்பாறையில் சில சதவீதம்.

செலவானது எல்லாம் வெடிப்பாகிவிடுவதும் இல்லை. பெரும்பகுதி, பழைய வெடிப்புகளின் முகங்கள் ஒன்றோடொன்று உராய்வதால் வெப்பமாகிப் போகும். கொஞ்சம் மைக்கா போன்ற மென்கனிமங்கள் நழுவுவதில் போகும். மிகச் சிறிய பங்கு ஒலியாக வெளியேறும். எஞ்சியதுதான் புதிய மேற்பரப்பு. இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வலிமையின் 30 சதவீதத்தில் ஓர் உருளையைப் பத்தாயிரம் சுற்று ஏற்றி இறக்கினால், ஒவ்வொரு வளையமும் ஒல்லியாக, ஒரே மாதிரி இருக்கும். பத்தாயிரம் ஒல்லி வளையங்களைக் கூட்டினால் பெரிய தொகை வரும். பாறைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உராய்ந்து உராய்ந்து வெப்பம்தான் போயிருக்கும். இன்னோர் உருளை 85 சதவீதத்தில் முப்பது சுற்றில் உடைந்திருக்கும், கூட்டுத்தொகை முதலாவதை விடக் குறைவாக. மொத்தச் சக்தியைச் சேதம் என்று கொண்டால் உடையாத கல் உடைந்த கல்லைவிடச் சேதமானது என்றாகும்.

அதனால் பார்க்கவேண்டியது கூட்டுத்தொகையை அல்ல, வளையத்தின் போக்கை. ஒரு தகைப்பு மட்டத்தில் நிறுத்தி, சுற்றுகளைத் தொடரும்போது வளையம் அடங்குகிறதா, வளர்கிறதா?

முதற்சுற்றில் எந்த மட்டத்திலும் வளையம் தடிப்பாகத்தான் இருக்கும், வெடிப்பு மூடுவதாலும் புதிய உச்சத்தை முதன்முறை தொடுவதாலும். அடுத்த சுற்றுகளில் அது ஒல்லியாகி ஒரு நிலைக்கு வரும். தாழ்ந்த மட்டங்களில் அந்த நிலையிலேயே நின்றுவிடும். மிஞ்சிய செலவு முழுதும் உராய்வு. மட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வளையம் அடங்க மறுக்கும். ஒல்லியாகி, பிறகு சுற்றுக்குச் சுற்று மெல்லத் தடிக்கத் தொடங்கும். அங்கே புதிய வெடிப்பு பிறக்கிறது, ஒன்றோடொன்று சேர்கிறது. வளையம் அடங்கும் கடைசி மட்டம்தான் வடிவமைப்பாளருக்கு வேண்டிய எண். சேதம் 0.3 என்றோ 0.4 என்றோ எழுதிக்கொடுத்தால் அதைவைத்து அவர் என்ன செய்வார்? "இந்தத் தகைப்புக்குள் நிறுத்து" என்றால் பைல் அடிக்கும் சம்மட்டி விழும் உயரத்தைக் குறைப்பார், அல்லது நங்கூரத்தை நீட்டுவார்.

இந்த மட்டம் வேறு வழியில் கண்டுபிடித்தவற்றோடும் பொருந்தி வருகிறது. கனடாவின் மனிடோபா நிலக்கீழ் ஆய்வுகூடத்தில் லக் டு பொனே கருங்கல்லை வைத்து மார்ட்டினும் சாண்ட்லரும் 1994இல் வெளியிட்ட முடிவுகளில், வெடிப்பு பிறக்கும் தகைப்பு உச்ச வலிமையின் 40 சதவீதத்தை அண்டியும், வெடிப்பு கட்டுப்பாடின்றி வளரும் தகைப்பு 80 சதவீதத்தை அண்டியும் வந்தன. சேதம் சேரச் சேர அந்த இரண்டாவது எல்லை கீழே இறங்கும் என்பதுதான் அவர்கள் காட்டியதில் எனக்கு முக்கியமாகப் படுவது. நம் கல்லுக்கு அது எங்கே என்று நாமே பார்க்கவேண்டும்; கனடாக் கல்லின் சதவீதத்தை இரவல் வாங்க முடியாது.

தேங்கிய சக்திக்கும் ஒரு சொல். சீன ஆய்வாளர் ஷியே ஹெபிங்கும் அவர் குழுவினரும் பிரித்துக் காட்டிய விதம் பயனுள்ளது: செலவான சக்தி பாறையைப் பலவீனமாக்குகிறது, தேங்கிய சக்தி திடீரென விடுபட்டு அதை உடைத்தெறிகிறது. ஒரே வலிமை, 120 மெகாபஸ்கால், உள்ள இரண்டு பாறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மட்டு 60 கிகாபஸ்கால், மற்றதன் மட்டு 30. உடையும் கணத்தில் முதலாவது தேக்கியிருப்பது கனமீற்றருக்கு 120 கிலோயூல், இரண்டாவது 240. வலிமை அட்டவணையில் இரண்டும் ஒரே வரியில் இருக்கும். பக்கத்தில் ஆள் நின்று வேலை செய்யும் இடத்தில் இரண்டும் ஒன்றல்ல.

இனி, இந்த முறையின் தொல்லைகள். செலவான சக்தி என்பது இரண்டு பெரிய எண்களின் சிறிய வித்தியாசம். 66 கொடுத்து 64 திரும்பினால் 2. எங்கோ ஒரு சிறு பிழை அந்த இரண்டை ஒன்றாக்கும், மூன்றாக்கும். விகாரத்தை மெசினின் தட்டு நகர்வதிலிருந்து எடுத்தால் வளையத்துக்குள் மெசினின் சட்டமும் முனைத் தொடுகையும் சேர்ந்துவிடும். உருளையின் மேலேயே ஒட்டிய அளவியிலிருந்துதான் எடுக்கவேண்டும். சுமையை அளக்கும் சென்சரும் விகாரத்தை அளக்கும் சென்சரும் ஒரே கணத்தில் பதியாவிட்டால், அந்தக் கால இடைவெளியே ஒரு பொய் வளையத்தை வரையும். சுற்று வேகம் கூடக் கூடப் பொய் வளையமும் தடிக்கும்.

இதைப் பிடிக்க மலிவான வழி ஒன்றுண்டு. பாறை உருளையின் அதே அளவில் அலுமினியத்தில் ஓர் உருளை கடைந்து, அதன் மீள்தன்மை எல்லைக்குள் அதே வேகத்தில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அதில் வளையம் ஏறக்குறைய இல்லாமலே இருக்கவேண்டும். தெரிகிற வளையம் முழுதும் மெசினின் சொத்து. அந்த வரைபடத்தைக் காட்டாத ஆய்வுகூடத்திடம் சக்திச் சோதனைக்குக் காசு கொடுக்கவேண்டாம் என்பது என் அறிவுரை. கேட்டால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

மற்றொரு குறையையும் சொல்லவேண்டும். எவ்வளவு கடும்பாறையோ அவ்வளவுக்கு அது சக்தியைத் தேக்கும், குறைவாகச் செலவழிக்கும். நல்ல குவாட்சைட்டில் எச்சரிக்கை மிகவும் பிந்தி வரும்: வளையம் ஒல்லியாகவே இருந்து, கடைசிச் சில சுற்றுகளில் தடித்து, உடைந்துவிடும். உக்கிய நைஸில் இதே முறை வெகு முன்னரே பேசத் தொடங்கும்.

காதும் அலையும்

கல் உடைக்கிற அனுபவசாலிகள் உளி வரிசையைச் சம்மட்டியால் தட்டிக்கொண்டே போகும்போது காதைக் கொடுத்திருப்பார்கள். "கணீர்" என்றிருந்த சத்தம் மங்கினால் உள்ளே பிளந்துவிட்டது என்று தெரியும். ஒலி உமிழ்வு முறையும் கழியொலி முறையும் இந்தக் காதின் இரண்டு பாதிகள்: ஒன்று பாறை தானே எழுப்பும் ஒலியைக் கேட்கிறது, மற்றது நாம் எழுப்பிய ஒலி எப்படிப் போகிறது என்று கேட்கிறது.

ஒலி உமிழ்வில் கவர்ச்சியான விதி கைசர் 1950இல் கண்டது. முன்பு தொட்ட உச்சத்தைத் தாண்டும்வரை பொருள் மௌனமாக இருக்கும், தாண்டியதும் பேசும். சேதமான பாறை இந்த விதியை மீறி, பழைய உச்சத்துக்கு முன்னரே பேசத் தொடங்கும். எவ்வளவு முன்னர் என்பதே சேதத்தின் அளவு. சென்சர் பலவற்றை ஒட்டினால் வெடிப்பு எங்கே பிறக்கிறது என்ற இடத்தையும் காட்டும். இங்கே ஒப்பிடும் வேறெந்த முறைக்கும் இது முடியாது. ஆனால் ஹைட்ரோலிக் பம்பின் இரைச்சல், முனைகள் தட்டில் உரசும் ஒலி, சென்சரை ஒட்டிய விதம் என்று எல்லாமே எண்ணிக்கையைக் கெடுக்கும். ஒலி எண்ணிக்கையைச் சேதம் என்று எழுதிய வரைபடங்களில் பல, எந்த ஓசை மட்டத்துக்கு மேல் எண்ணினார்கள் என்பதைக்கூடச் சொல்வதில்லை. கருவி ஏற்கனவே கையில் இருந்தால் பக்கச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். இதற்காக வாங்கவேண்டாம்.

கழியொலி வேறு கதை. கருவி ஒப்பீட்டளவில் மலிவு, கொங்கிறீட் சோதிக்கும் பலரிடம் ஏற்கனவே இருக்கிறது, உருளையை உடைக்காது. இப்போதைய வேகத்தைத் தொடக்க வேகத்தால் வகுத்து, வர்க்கித்து, ஒன்றிலிருந்து கழித்தால் சேதம். செக்கனுக்கு 5.5 கிலோமீற்றர் 5.0 ஆகக் குறைந்தால் 0.17. வெடிப்பு நெடுக்காக ஓடுவதால் அலையையும் நெடுக்காக விட்டால் அது வெடிப்போடு சமாந்தரமாகவே ஓடிவிடும், வேகம் அதிகம் குறையாது. உருளையின் குறுக்கே விடவேண்டும். இன்னொன்று நம்முடைய கடற்கரைக்கு மிகவும் உரியது. வெடிப்புக்குள் காற்றிருந்தால் பி-அலை (பொருளை நெருக்கி விரித்துக்கொண்டு போகும் அமுக்க அலை) தடுமாறும். தண்ணீர் நிறைந்திருந்தால் தண்ணீர் வழியே கடந்துவிடும். நனைந்த பாறையில் சேதம் மறைந்துபோகும். முதல் அளவை உலர்வில் எடுத்து இரண்டாவதை மழைக்குப் பிறகு எடுத்தால், பாறை தானாகக் குணமாகிவிட்டது போல ஒரு வரைபடம் கிடைக்கும்.

களத்துக்கு இதை விட்டால் வேறில்லை. உருளையின் வளையத்தைக் களத்தில் வரைய முடியாது. துளைக்குத் துளை அலை விடலாம்; தரையில் சம்மட்டியால் தட்டி வரிசையாகப் பதித்த உணரிகளில் வருகையைப் பார்க்கலாம். வெடிவைப்பதற்கு முன்னும் பின்னும், பைல் அடிப்பதற்கு முன்னும் பின்னும், அதே கோட்டில் அதே ஈரநிலையில் எடுத்தால் எவ்வளவு ஆழத்துக்குப் பாறை தளர்ந்திருக்கிறது என்று தெரியும்.

தெரிவு

இறங்குதுறைப் பைலுக்கென்று ஆறு நல்ல உருளை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டை ஒருதடவை வலிமைக்குக் கொடுங்கள். மூன்றைப் படிப்படியாக ஏறும் சுற்றுச்சுமைக்கு: வலிமையின் 40 சதவீதத்தில் நூறு சுற்று, பிறகு 50, 60 என்று 90 வரை. இரண்டு செக்கனுக்கு ஒரு சுற்றென்றால் ஓர் உருளைக்கு இருபது நிமிடம் போதும். ஒவ்வொரு மட்டத்திலும் முதல் பத்துச் சுற்றை ஒதுக்கிவிட்டு, மீதியில் வளையம் அடங்கியதா என்று பாருங்கள். மட்டம் மாறும்போது சுமையை இறக்கி, குறுக்காக அலை வேகமும் எடுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தைச் சுட்டினால் நிம்மதி. முரண்பட்டால் தாழ்ந்த மட்டத்தை எடுங்கள்.

நூறு சுற்றில் அடங்கிய வளையம் பல்லாயிரம் அடியிலும் அடங்கியே இருக்கும் என்று எழுதிவிட முடியாது. ஆகவே ஆறாவது உருளையைக் கண்டுபிடித்த மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து ஓர் இரவு முழுக்க ஓடவிடுவேன். பத்தாயிரம் சுற்றுக்கு ஐந்தரை மணித்தியாலம். இந்த உருளை உலர்ந்ததாக இருக்கக்கூடாது. கடல்நீரில் ஊறவைத்து எடுக்கவேண்டும். வெடிப்பு நுனியில் நீர், குவாட்ஸின் சிலிக்கன்–ஒட்சிசன் பிணைப்பைத் தாக்கி, வழக்கத்துக்குக் கீழான தகைப்பிலேயே வெடிப்பை மெல்ல நகர்த்தும். அதற்கு நேரம் வேண்டும் என்பதால், சுற்று மெதுவானால் குறைந்த சுற்றிலேயே உடைவதும் உண்டு. உலர்ந்த உருளையை வேகமாக ஆட்டிப் பெற்ற எண், வாடைக்காற்றுக் காலத்தில் அலை அறையும் பாறைக்கு மிகையான தைரியம் தரும்.

கல்குவாரிச் சுவருக்கு உருளைச் சோதனையில் பணம் போடத் தேவையில்லை; அலை வேகக் கோடு ஒன்றே போதும். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதியோடு வரும் அதிர்வு நிபந்தனைகள் அயலிலுள்ள வீடுகளை மனதில் வைத்தவை. சுவரின் களைப்பை அவை பார்ப்பதில்லை. அதை நடத்துபவரே பார்த்துக்கொள்ளவேண்டும்.

திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை போன்ற செங்குத்துப் பாறைகளுக்கு இந்த ஒப்பீட்டில் எதுவும் முழுதாக உதவாது. அங்குள்ள பெரும் பிளவான இராவணன் வெட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாறை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் ஏற்கனவே உள்ள பிளவில்தான். ஐந்து சென்ரிமீற்றர் உருளையின் சக்திக் கணக்கு பிளவைப் பற்றி எதுவும் சொல்லாது. கச்சான் காற்றுக்கால வெயிலும் வாடை மழையும் வருடாவருடம் ஏற்றி இறக்கும் சுமை அங்கே அந்தப் பிளவின் இடைவெளியில்தான் பதிவாகும். பிளவின் இரு கரையிலும் குறியிட்டு இடைவெளியைப் பருவத்துக்குப் பருவம் அளந்து வையுங்கள்.

எதைத் தெரிந்தாலும் அறிக்கையோடு ஒரு கோப்பைக் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வொரு சுற்றின் தகைப்பும் விகாரமும், நேரத்தோடு, சுருக்காமல், அலுமினிய உருளையின் பதிவும் சேர்த்து.